பதிவேட்டில் பதினைந்து பேர்

வெளிநாட்டுக்குப் போய் மொழி சொல்லிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். இன்னும் சிலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் துணையாக இங்கேயே வேலை பார்க்கப் போகிறீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் எனக்குச் சொல்ல ஒரே சங்கதிதான் இருக்கிறது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் யாராவது ஒருவர் உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். தயங்கித் தயங்கிக் கேட்பார்: "இது படிச்சா அங்க போகலாங்களா?" அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை பதில் சொன்ன விதத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

பாடத்திட்டம், பயிற்சி, பரீட்சை இதெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதற்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்கோபம் உண்டு என்பதையும் உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். நடுவில் கையைத் தூக்கினால் சத்தம் போடுவேன். முடியட்டும், அப்புறம் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் ஒரு பாடசாலையில் தமிழ் வாத்தியார். பிறந்தது பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், அதுதான் லயம். அங்கிருந்து படித்து வாத்தியாரானவர்கள் அப்போது மிகச் சிலர். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று உள்ளுக்குள் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்த வருஷம் ஒரு கலாசாரப் பரிமாற்றத் திட்டத்தில் அயர்லாந்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அந்த நாட்டுக்கு இங்கிலீஷ் இல்லாமல் தனியாக ஒரு மொழி இருக்கிறது என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அந்த ஐரிஷ் மொழியைத்தான் அவர் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். கொழும்பில் அவருக்கு இடம் சரிப்படவில்லை, மலைநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும் வகுப்புக்கு ஆள் சேர்க்கவும் என்னை நியமித்தார்கள். திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வகுப்பில் பதினைந்து பேராவது இருக்கவேண்டும். இருந்தால், அடுத்த வருஷம் இங்கிருந்து ஒரு வாத்தியார் அயர்லாந்துக்குப் போய் ஒரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். அந்த வாத்தியார் நான்தான்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் பிறந்தவன், ஆகாயத்தில் விமானம் போனால் காம்பராவை விட்டு வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தவன், அதில் ஏறப் போகிறான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கம்பளிக் கோட்டுக்கு அளவு கூடக் கொடுத்துவிட்டேன்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். உயரம், சிவந்த முகம், எந்த மழையிலும் குடை பிடிக்க மாட்டார். முதல் வாரம் அவரைப் பூனாகலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "சலாங்க தொரசானி" என்று ஒதுங்கி நின்றார்கள். வெள்ளைக்காரத் துரையின் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற அந்த மரியாதை டீச்சருக்குப் பிடிக்கவில்லை. கொழும்பில் கற்றுக்கொண்ட கொஞ்சத் தமிழில், "நான் தொரசானி இல்ல. இங்கிலீஷ்காரங்க எங்க ஊரையும் புடிச்சு வச்சிருந்தாங்க" என்றார். அங்கே ஆட்களிடம் வேலை வாங்குகிற வயசான கங்காணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களும் நம்ம கூட்டந்தானா? அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். நான் வெட்கப்பட்டு அவரை அதட்டப் போனேன். டீச்சர் அதற்குள் உட்கார்ந்து கோப்பையை வாங்கிவிட்டார்.

வகுப்பு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. பண்டாரவளைக் கடைத்தெருவில் ஒரு ஹாஜியாரின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. ஹாஜியார் வாடகை கேட்கவில்லை. "எனக்கும் படிப்பிச்சுக் குடுங்க, அது போதும்" என்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். அந்த மொழியில் வணக்கம் சொல்லும்போது கடவுளைச் சேர்த்துச் சொல்வார்களாம். "நம்ம சலாம் மாதிரித்தானே" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். தபால் கந்தோர் கிளார்க் ஒருவர், கொன்வென்டில் படித்த அக்கா தங்கச்சி இரண்டு பேர். நாலு பேர் சேர்ந்தாயிற்று. மீதிப் பதினோரு பேருக்கு நான் எங்கே போவேன்? தோட்டத்துக்குத்தான் போனேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. சாமான் வாங்கச் சனம் எப்படியும் டவுனுக்கு வரும்.

"சும்மா வந்து உக்காருங்க. தேத்தண்ணியும் பணிசும் குடுப்பாங்க" என்று கூப்பிட்டேன். முதல் வாரம் பத்துப் பதினொரு பேர் வந்தார்கள். பன்னைத் தின்றார்கள், சிரித்தார்கள். அடுத்த வாரம் பாதி வராமல் போயிருக்கவேண்டும், நியாயப்படி. ஆனால் எல்லோரும் வந்தார்கள், குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது.

காரணம் பதிவேடு. டீச்சர் முதல் நாளே ஒரு நீளமான புத்தகத்தை விரித்து ஒவ்வொருவர் விபரமும் எழுதினார். ஆளுக்கு ஒரு தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம், தோட்டம், மனைவி பிள்ளைகள் பெயர். அவருக்கு அது மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவதற்கு. எங்கள் சனத்துக்கு அது வேறு. தோட்டத்தில் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேர் விழுந்தால்தான் சம்பளம், அரிசி, காம்பரா. பேர் இல்லாதவன் ஆளே இல்லை. அதோடு அந்த வருஷங்களில் இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின்படி எங்கள் சனத்தில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வந்த விண்ணப்பப் பாரத்திலும் இதே கேள்விகள்தான், ஏறக்குறைய இதே வரிசையில். பேர் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கொஞ்ச நாளில் பாஸ்போட் வந்தது. அப்படியென்றால் இந்த வெள்ளைக்கார டீச்சர் பேர் எழுதியதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

டீச்சருக்கு இது தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். லயத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, வகுப்பு முடிந்து படி இறங்கும்போது முத்தையா என் பக்கத்தில் வந்து நின்றான். பூனாகலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. முப்பது வயசு தாண்டியவன், ஒடிசலான ஆள். மனைவி பாக்கியம், இரண்டு பிள்ளைகள். வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகப் படித்தவன் அவன்தான். வாட்டுமாடியில் கொழுந்து பரப்பிக்கொண்டே பாடத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பானாம். அவன்தான் கேட்டான், "சார், இது படிச்சா அங்க போகலாங்களா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். என் கண்முன்னால் பதினைந்து என்கிற எண் நின்றது, தைக்கக் கொடுத்த கோட்டு நின்றது. நான் சிரித்தேன். "எதுக்கும் படிச்சு வை முத்தையா. படிச்சது வீண் போகாது" என்றேன்.

அவன் முகம் மலர்ந்து போனதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் படியிறங்கினேன். பாவிப்பயல் நான்.

மாசங்கள் ஓடின. வகுப்பு ஜேஜே என்று நடந்தது. கொழும்பிலிருந்து திட்டத்து அதிகாரி ஒருவர் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து ஆள் எண்ணிவிட்டுப் போவார் என்று கடிதம் வந்தது. பதினைந்து பேர் இருந்தால் என் பயணம் உறுதி. எல்லோரையும் தவறாமல் வரச்சொல்லிச் சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழன், பாடசாலை வாசலில் பாக்கியம் வந்து நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே, கொழுந்துக் கறையோடு, மலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"என்ன பாக்கியம், வேலை இல்லையா?"

"பாதியில விட்டுட்டு வந்தேங்க. அரைப்பேர்தான் போடுவாங்க, போட்டுக்கட்டும்" என்றாள். அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கிறாள். "சார், அயர்லாந்துக்கு எப்ப கப்பலு?"

அவள் சொல்லச் சொல்லத்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்து நாளாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில், கோச்சி என்போம், ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடிக்கவேண்டும். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக் கந்தோரில் காம்பராவை ஒப்படைத்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கோச்சியை விட்டால் நாட்டை விட்டுப் போகக் கொடுத்த நாள் தாண்டிவிடும். அப்புறம் இங்கே வேலையும் கிடையாது, காம்பராவும் கிடையாது. பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி ஒரு குடும்பத்தைச் சமைத்த சோற்றைத் தின்னவிடாமல் கொண்டுபோனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

"மனுசன் மூட்டை கட்ட மாட்டேங்கிறாரு. கந்தோருக்கும் போக மாட்டேங்கிறாரு. டீச்சரு பேரு எழுதிட்டாங்க, ஒன் பேரு, புள்ளைங்க பேரு எல்லாம் இருக்கு, சாரும் சொல்லிட்டாருங்கிறாரு. நீங்க என்னா சார் சொன்னீங்க?"

"நீ போம்மா, நான் வந்து பேசுறேன்" என்றேன்.

இந்த இடத்தில் என் புத்தி எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் புத்தியும் அப்படித்தான் வேலை செய்யும். முத்தையாவுக்கு மட்டும் தனியாக உண்மையைச் சொல்லிவிடுவது. அவன் ஊருக்குப் போய்விடுவான். பதினாலு பேர் மிச்சம். ஹாஜியார் கடைப் பையன் ஒருவனை உட்கார வைத்தால் பதினைந்து. அதிகாரி எண்ணிவிட்டுப் போகட்டும், மற்றவர்களுக்குப் பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். பாம்பும் சாகக்கூடாது, கம்பும் உடையக்கூடாது என்கிற கணக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிப் பூனாகலைக்குப் போனேன். முத்தையா வேலை முடிந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தான். காம்பராவுக்குள் அடுப்பு எரிந்தது. பாக்கியம் மூலையில் நின்றாள். ஒரு மூட்டை கூடக் கட்டியிருக்கவில்லை.

"முத்தையா, அது வெறும் வரவுப் புத்தகம். அயர்லாந்துக்கு யாரையும் கூட்டிக்கிட்டுப் போகமாட்டாங்க. நாளன்னைக்குக் கோச்சியில ஏறு."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். அவசரமே படவில்லை.

"இம்புட்டு நாளா சொல்லலீங்களே சார். ஆள் எண்ணக் கொழும்புல இருந்து வர்றாங்கன்னதும் சொல்றீங்க. எத்தன பேருக்கு எடம் இருக்கு?"

"எடமே இல்லடா!"

"ஒங்களுக்கு இருக்குதுல்ல?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவனே தொடர்ந்தான்.

"அடுத்த வருசம் நீங்க அந்த ஊருக்குப் போறீங்கன்னு டவுனே சொல்லுது. போறவரு வந்து, எனக்கு எடம் இல்லைங்கிறீங்க. எடம் கொறைச்சலா இருக்கும், எங்கள கழிக்கப் பாக்குறீங்க. எனக்குத் தெரியுங்க சார்."

"முத்தையா, இந்தியா நம்ம ஊருடா. அங்க..."

"யாரு ஊரு? எங்க பாட்டன் பசிக்குத் தப்பிச்சு ஓடியாந்த ஊரு. அங்க எனக்கு ஒரு நாய் கூடத் தெரியாது. அதுவும் புது ஊருதான், இதுவும் புது ஊருதான். அந்தப் பாரத்துல என் பேர யாரோ எழுதுனாங்க, கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். இந்தப் புத்தகத்துலதான் நானா போயி, நானா சொல்லி, பேரு எழுதியிருக்கேன். எழுதிட்டு அதுக்குப் படிக்கவும் செஞ்சேன். பேர வெட்டாதீங்க சார்."

கடைசி வார்த்தையை அவன் கெஞ்சித்தான் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்தேன். பொய்யைச் சொன்ன வாயாலேயே உண்மையையும் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று எண்ணியிருந்தேன் பாருங்கள், அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்.

சனிக்கிழமை விடிந்ததும் டீச்சர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். எங்கள் பேச்சு எப்போதும் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இங்கே தமிழிலேயே சொல்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோட்டு உட்பட. அவர் பாண் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"போகலாமான்னு அவர் கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லன்னு சொல்லல, டீச்சர். சிரிச்சேன்."

"எப்படிச் சிரிச்சீங்க? செஞ்சு காட்டுங்க."

நான் திகைத்துப் போனேன். அவர் விளையாடவில்லை. "செஞ்சு காட்டுங்க" என்று இன்னொரு தரம் சொன்னார். முயற்சி செய்தேன், உதடு கோணியது, வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் வேலையில் நான் வாங்கிய அடிகளில் அதுதான் பலமான அடி. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

பிறகு சொன்னார்: "எங்க ஊர்லயும் பாதிப் பேர் இந்த மொழிய அரசாங்க வேலைக்காகத்தான் படிச்சாங்க. வேலை கிடைச்சதும் விட்டுட்டாங்க. எனக்கு அதுல வருத்தம் இல்ல, அவங்களுக்கு வேலையாவது கிடைச்சுது. முத்தையாவுக்கு என்ன கிடைக்கும்?"

"நீங்க சொன்னா நம்புவான், டீச்சர்."

"சொல்றேன். ஆனா முதல்ல நீங்க. எல்லாருக்கும் முன்னால."

"மூணு மணிக்கு அதிகாரி வர்றாரு."

"வகுப்பு ரெண்டு மணிக்கு" என்றார். எழுந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

இரண்டு மணிக்கு மாடியில் பதினைந்து பேரும் இருந்தார்கள். வெள்ளைச் சட்டைகள், எண்ணெய் வைத்த தலைகள். முத்தையா இரண்டாவது வரிசையில் கொப்பியைத் திறந்து வைத்திருந்தான். பாக்கியமும் வந்திருந்தாள். பிள்ளைகளோடு கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். பாடசாலைத் தமிழ் வரவில்லை, லயத்துப் பேச்சுதான் வந்தது. "நான் ஒங்கள ஏமாத்திப்புட்டேன். இந்தப் புத்தகம் எந்த ஊருக்கும் போறதுக்கு இல்ல. நீங்க என்ன நெனச்சு வர்றீங்கன்னு எனக்கு மொத மாசமே தெரியும். தெரிஞ்சும் சொல்லல. பதினஞ்சு பேரு இருந்தா எனக்குப் பயணம் கெடைக்கும், அதுக்காகத்தான்."

யாரோ, "என்னா சார், வெளாட்டா?" என்றார்கள். கீழே ஹாஜியார் கடையில் துணி கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கூட்டத்தில் மூத்த பொம்பளை ஒருத்தி, என் அம்மாவோடு கொழுந்து எடுத்தவள், என்னைப் பார்த்து, "நம்ம லயத்துல பொறந்த புள்ளையாச்சே நீயி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

டீச்சர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். தனக்குத் தெரிந்த தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். "எனக்கு நாலு அண்ணன். நாலு பேரும் எங்க ஊர்ல இல்ல. இங்கிலாந்துல ரோட்டு வேலை, மண் வெட்டுறாங்க. எங்க ஊர்ல வேலை இல்ல. நாப்பது வீடு இருந்துச்சு, இப்ப பதினொன்னுலதான் அடுப்பு எரியுது. எங்க ஊர்ல இருந்து கப்பல் வெளிய போகும். வெளிய இருந்து வேலைக்கு யாரும் உள்ள வர்றதில்ல."

முத்தையா மெதுவாக எழுந்தான். "வெள்ளக்காரங்களுமா மண்ணு வெட்டுறாங்க?"

"என் பெரிய அண்ணன் பதினெட்டு வருஷமா வெட்டுறார்."

"ஊருக்கு வருவாருங்களா?"

"அப்பா செத்தப்போ வந்தார்."

முத்தையா நின்றுகொண்டே இருந்தான். என்னை நம்பாதவன் அவரை நம்பிவிட்டான் என்று அவன் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவனுடைய ஒரே ஆசையை அப்போதுதான் பிடுங்கிப் போட்டிருந்தோம்.

"அப்ப எங்க பேரு?" என்று கேட்டான்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்து அவன் தாளைத் தேடினார். அவன் பெயர், பாக்கியம் பெயர், இரண்டு பிள்ளைகள் பெயர், எல்லாம் அவருடைய குண்டு எழுத்தில். கோடு போட்டு வெட்டவில்லை. தாளை ஓரத்தில் மெல்லக் கிழித்து இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார். "நான் வெட்ட மாட்டேன். இது உங்க பேர், நீங்க வச்சுக்குங்க" என்றார்.

முத்தையா அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வாசலுக்குப் போனான். "பாக்கியம், எந்திரி. கந்தோர் மூடிருவான்" என்று அவன் சொல்வது கேட்டது. அவனுக்குப் பின்னால் தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் தங்கள் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். கோட்டு சூட்டோடு மாடி ஏறி மூச்சு வாங்கினார். ஹாஜியார், கிளார்க், அக்கா தங்கச்சி, நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவதாக நானே போய் உட்கார்ந்தேன்.

"பதினைந்து பேர் என்று எழுதியிருந்தீர்களே?" என்றார் அதிகாரி.

"நாலு பேர். இவர் வாத்தியார், இவரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது" என்றார் டீச்சர்.

அதிகாரி போனபிறகு நான் ஹாஜியாரிடம் கேட்டேன், "நீங்க ஏன் ஹாஜியார் எந்திரிச்சுப் போகல?" அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நான் எந்த ஊருக்குப் போகப் போறேன்? இவ்வளவு தூரம் வந்த புள்ள, வெறும் வாங்கு மேசைக்குப் பாடம் சொல்லக்கூடாதேன்னுதானே வந்து இருக்கிறன்" என்றார். அந்த நாலு பேருக்கு டீச்சர் தன் வருஷம் முடியும் வரைக்கும், ஒரு சனிக்கிழமை கூட விடாமல், பாடம் நடத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பண்டாரவளை ஸ்டேஷனுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். முத்தையா குடும்பம் ஒரு ட்ரங்குப் பெட்டி, மூன்று மூட்டை, ஒரு அம்மிக்குழவியோடு நின்றது. பெண்கள் பாக்கியத்தைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், செத்த வீட்டில் வைப்பது போலவே. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணன் கிளம்பின அன்னைக்கு எங்க வீட்டுலயும் இப்படித்தான் அழுதாங்க, ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வந்து" என்றார். போய்ப் பாக்கியத்தின் கைக்குழந்தையை வாங்கி, கோச்சி வரும் வரைக்கும் வைத்திருந்தார். முத்தையா அவரிடம் அந்த மொழியில் வணக்கம் சொன்னான், சுத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல். நான் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

திட்டம் அத்தோடு நின்றது. என் பயணமும் நின்றது. அயர்லாந்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தைக்கக் கொடுத்த கோட்டை மட்டும் வாங்கி வந்தேன், பண்டாரவளைக் குளிருக்கு உதவியது. அதற்குப் பிறகு எத்தனையோ வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், எத்தனையோ பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியும் வைத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால், இந்தப் புத்தகம் எதற்கு, எதற்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். ஆள் குறையும். குறையட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், என் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே செய்தாலும் சரிதான்.

ஏழெட்டு வருஷம் கழித்துப் பாடசாலை விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்திய முத்திரை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து முத்தையா எழுதியிருந்தான். அந்தக் கடிதத்தை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கண்ணாடி போட்டாலும் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் எனக்கு மனப்பாடம்.

"சாருக்கு முத்தையா எழுதுவது. இங்கயும் தேயிலைதான். பாக்கியம் சொகம். பெரியவன் பள்ளிக்கூடம் போறான். போன மாசம் இங்க ஒருத்தர் பெரிய நோட்டுப் புத்தகத்தோட வந்தாருங்க. வெளிநாட்டுல வேலை, பேர் எழுதிக்கங்கன்னாரு. அக்கரையில இருந்து வந்த நம்ம சனம் பூராவும், வீட்டுல இருந்த நகை நட்டையும் எடுத்துக்கிட்டு வரிசையில நின்னுச்சு. நான் முன்னால போயி, நெசமாவே கூட்டிக்கிட்டுப் போவீங்களான்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. சிரிக்காம சொல்லுங்கன்னேன். அவரால முடியலீங்க. எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். அப்ப ஒங்க ஞாபகம் வந்துச்சு சார், அதான் எழுதுறேன்."